போதும் என்று சொல்கிறவள்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் அம்மி பறந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் இரும்பு வார்க்கிற பவுண்டரிகளின் கருமணல் பறக்கும், கூரைத் தகரம் பறக்கும், மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டியில் போகிறவர்களின் வேட்டி பறக்கும். அந்த வருஷத்து ஆடியில் இவற்றோடு அன்புமணியின் மனசும் சேர்ந்து பறந்தது. கொட்டகைக்குள் போவார், வெளியே வருவார், வேப்பமரத்தடியில் நிற்பார், மறுபடியும் உள்ளே போவார். புதிதாகப் பார்க்கிறவர்கள் உள்ளே யாருக்கோ பிரசவ வலி என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவகையில் அது உண்மையும்தான்.

உள்ளே இருந்தது ஒரு படம். பத்தடி நீளம், ஆறடி உயரம். அன்புமணி இதுவரை செய்ததிலேயே பெரியது அதுதான். ஆவணியில் கொச்சியில் அவருடைய இத்தனை வருஷ வேலைகளையும் ஒன்றாக வைத்து ஒரு கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. நடுக்கூடத்தின் பெரிய சுவரை இந்தப் படத்துக்கென்றே காலியாக விட்டிருந்தார்கள். மற்ற படங்களெல்லாம் துணி சுற்றிப் பெட்டிக்குள் போய்விட்டன. இது மட்டும் முடியவில்லை. முடியவில்லை என்றால் வேலை பாக்கி என்று அர்த்தமில்லை. எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்கிறவள் இனிமேல் சொல்வதில்லை என்று இருந்துவிட்டாள்.

அன்புமணி என்ன படம் போடுகிறார் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் பதில் சொல்ல வராது. சாமி படம் இல்லை, ஆள் படம் இல்லை, மரம் மலை மாடு ஒன்றும் இல்லை. நிறம் இருக்கும். அதற்கு அடியில் இன்னொரு நிறம் இருக்கும். "இது என்னுங்க?" என்று பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேட்டால், "ஒண்ணுமில்லீங்க" என்பார். அதைவிடச் சரியான பதில் அவருக்கும் தெரியாது. அவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பட்டணத்துக்காரர்கள்தான் விடமாட்டார்கள். அவருடைய அப்பா ஐயாசாமி மில் முதலாளி அரங்கசாமியின் தோட்டத்தில் காலமெல்லாம் பண்ணையாளாக இருந்தவர் என்று எங்கேயாவது படித்துவிட்டு வருவார்கள். இந்தச் செம்மண் நிறம் அப்பா உழைத்த மண்தானே என்று கண்ணில் தண்ணீரோடு கேட்பார்கள். அது ரெட் ஆக்சைடு பிரைமர், மோட்டார் துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கிறது என்று அவர் பொறுமையாகச் சொல்வார்.

பொய் இல்லை. மீசை முளைக்கிற வயசில் பம்புசெட் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கப் போனவர் அவர். வார்ப்பில் இருக்கிற குழியைப் பட்டி பூசி நிரப்ப வேண்டும், தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், மேலே நீலமோ பச்சையோ எனாமல் அடிக்க வேண்டும். மிச்சம் விழுகிற பெயிண்டை, பம்பு அனுப்புகிற மரப்பெட்டிப் பலகைகளில் பூசிப் பார்க்க ஆரம்பித்தார். பூசினார், சுரண்டினார், மறுபடி பூசினார். அரங்கசாமியின் மனைவி ராமாமணி கம்பெனி ஆயுதபூஜைக்கு விருந்தாளியாக வந்தபோது ஒரு பலகையைப் பார்த்து, சோபா நிறத்துக்குப் பொருந்துகிறது என்று வாங்கிக்கொண்டு போனார். அப்படி ஆரம்பித்த சங்கதி சென்னைக்குப் போயிற்று, டெல்லி மியூசியத்துக்குப் போயிற்று, கடல் தாண்டியும் போயிற்று. இப்போது அதே ராமாமணியின் பேத்தி ஹர்ஷிணி கோவை ரேஸ்கோர்ஸில் ஓவியக்கூடம் வைத்து, ஐயாசாமி மகன் படத்துக்குப் போனில் நாள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். காலம் அப்படித்தான் மாறும்.

பெயர் வந்த பிறகும் அன்புமணி முறையை மாற்றவில்லை. அதே பட்டி, அதே உப்புத்தாள், அதே எனாமல். காய்ந்த பூச்சைப் பட்டித் தகட்டால் சுரண்டினால் அடியில் இருக்கிற நிறம் எட்டிப் பார்க்கும். அதன் மேல் இன்னொரு பூச்சு, மறுபடி ஒரு சுரண்டல். இந்த வேலைக்கு முடிவு என்று ஒன்று தானாக வராது. ஒரு பூச்சு குறைந்தால் படம் காயாக நிற்கும், ஒரு சுரண்டல் கூடினால் செத்துப்போகும். நடுவில் ஒரு இடம் உண்டு. அங்கே கையை எடுத்துவிட வேண்டும்.

அந்த இடத்தைச் சொன்னவள் அவர் மனைவி பொற்கொடி. கல்யாணமான புதிதில், லைன் வீட்டில் குடியிருந்தபோது, அவர் ஒரு பலகையை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் வாசலில் வந்து நின்று, "போதுமுங்க" என்றாள். அவர் நிறுத்திவிட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் படம் அவ்வளவு சரியாக இருந்தது. அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வேலை ஓரளவுக்கு வந்ததும் கூப்பிடுவார். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வருவாள். கொஞ்ச நேரம் நிற்பாள். "இன்னும் கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள், இல்லையென்றால் "போதும்" என்பாள். அவள் போதும் என்று சொல்லாமல் ஒரு படமும் அந்தக் கொட்டகையைத் தாண்டியதில்லை. இது அவர்கள் இருவருக்கும் மகள் கிருபாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது பெரியவர்கள் வாக்கு. ஆனி மாதத்தில் பெங்களூரிலிருந்து ஒரு பெண் பேட்டி எடுக்க வந்தாள். கேள்வியெல்லாம் இங்கிலீஷில். அன்புமணியும் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டித் தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு படம் முடிந்துவிட்டது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். அந்த நேரம் பார்த்து பொற்கொடி இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்து எதிரில் நின்றாள். அவர் மனைவியைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். பிறகு, உள்ளுக்குள் இருந்து ஒரு குரல் சொல்லும் என்றார். பேட்டிக்காரி அருமை என்று எழுதிக்கொண்டாள். பொற்கொடிக்கு இங்கிலீஷ் தெரியாது. சர்க்கரை போதுமா என்று விருந்தாளியைக் கேட்டுவிட்டுப் போனாள்.

பேட்டி வெளிவந்ததும் கிருபா காலேஜிலிருந்து ஓடிவந்து செல்போனைப் பார்த்து வரிவரியாகத் தமிழில் சொன்னாள். பொற்கொடி மறுநாள் மெஸ்ஸுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டு முன்பக்கத்தை மெஸ்ஸாக்கி, பவுண்டரி ஆட்களுக்கும் மோட்டார் வைண்டிங் கடைப் பெண்களுக்கும் மத்தியானச் சாப்பாடு போடுகிறாள் அவள். படம் விற்காத காலத்தில் வீட்டைத் தாங்கிய மெஸ். விற்க ஆரம்பித்த பிறகும் அவள் அதை மூடவில்லை. கிருபா அந்தக் குரல் வருகிற வரிக்கு வந்ததும் பொற்கொடி கத்தியை நிறுத்தினாள்.

"உள்ள இருந்து யாரு சொல்றாங்களாமா?"

"கொரலும்மா. அப்பாவுக்கு உள்ள ஒரு கொரல் கேக்குமாம்."

"எப்பக் கேட்டாங்க இந்தக் கேள்விய?"

"நீ காப்பி கொண்டாந்தீல்ல, அப்ப."

பொற்கொடி மிச்ச வெங்காயத்தையும் உரித்து முடித்தாள். கிருபா சொல்லித்தான் இதெல்லாம் பின்னால் அன்புமணிக்குத் தெரிந்தது.

கொங்கு நாட்டில் கோபம் வந்தால் கத்துகிறவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மரியாதை கூடினால்தான் பயப்பட வேண்டும். பொற்கொடிக்கு மரியாதை கூடிவிட்டது. புருஷனிடம் நேராகப் பேசுவதை நிறுத்தினாள். எது சொல்வதாக இருந்தாலும் மகளிடம் சொல்வாள், மகள் இல்லாவிட்டால் வடிசட்டியிடம் சொல்வாள். "அவியளுக்குக் குளிக்கத் தண்ணி வெளாவி வெச்சிருக்குது", "அவிய சாப்பிட வாரதுன்னா வரலாமுங்க". வேளை தவறாமல் சோறு வந்தது, வெந்நீர் வந்தது, துவைத்த சட்டை வந்தது. சொல் மட்டும் வரவில்லை.

பெரிய படம் ஆடி பிறந்து ஒரு பதத்துக்கு வந்தபோது, வழக்கம் போல் கொட்டகை வாசலில் நின்று, "அம்மணி, சித்த வந்துட்டுப் போ" என்று கூப்பிட்டார். பொற்கொடி கொள்ளுப் பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். மத்தை நிறுத்தாமல் மகளைப் பார்த்துச் சொன்னாள்:

"உள்ள இருக்கறவிய சொல்லுவாங்களாமா கண்ணு. அவியளையே கேட்டுக்கச் சொல்லு. நமக்கென்ன தெரியுது."

அன்புமணி சிரித்துப் பார்த்தார். பலிக்கவில்லை. சரி, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று போய் இன்னொரு பூச்சுப் பூசினார். காய்வதற்குள் காற்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கருமணலை அப்பிவிட்டுப் போயிற்று. அதைத் தேய்த்து எடுத்தார். தேய்த்த இடம் பள்ளமாயிற்று. பட்டி வைத்தார். அதன் மேல் நிறம். மறுபடி கூப்பிட்டார். மறுபடி வடிசட்டிதான் பதில் வாங்கிக்கொண்டது. இதே கதையாக வாரங்கள் போயின. வேலை செய்வதா, நிறுத்துவதா? செய்தால் கெட்டுவிடுமோ என்று பயம், நிறுத்தினால் குறையாக நின்றுவிடுமோ என்று பயம். தூக்கம் போயிற்று. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே எழுந்து கொட்டகைக்குப் போவார். திரும்பி வருவதற்குள் சோறு காய்ந்திருக்கும். பொற்கொடி அதை எடுத்துவிட்டு வேறு போட்டு வைப்பாள். அதற்கும் ஒரு வார்த்தை கிடையாது.

நடுவில், கொச்சிக் கண்காட்சிக்குப் படங்களை அனுப்புகிற பொறுப்பிலிருந்த ஹர்ஷிணி காரில் வந்தாள். படத்தைப் பார்த்து, இப்படியே கொடுத்துவிடுங்கள் அங்கிள், அற்புதமாக இருக்கிறது என்றாள். அவளுக்கு எல்லாப் படமும் அற்புதம்தான். அன்புமணி மென்று விழுங்குவதைப் பார்த்த கிருபா பொறுக்கமாட்டாமல் விஷயத்தை உடைத்துவிட்டாள். ஹர்ஷிணிக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. இத்தனை வருஷமாக மறைந்திருந்த கண் பொற்கொடி ஆன்ட்டியுடையதுதான், கண்காட்சியின் பெயரையே மாற்றிவிடலாம், சமையலறையிலிருந்து நடந்துவந்து போதும் என்று சொல்வதை வீடியோ எடுத்துக் கூடத்தில் ஓடவிடலாம் என்று அடுக்கினாள். கிருபாவும் சேர்ந்துகொண்டாள். பொற்கொடி இருவருக்கும் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தாள்.

"அதெல்லாம் வேண்டாமுங்க கண்ணு" என்றாள். "எனக்குப் படத்தைப் பத்தி ஒரு எழவும் தெரியாது. தெரியுமுன்னு நாஞ் சொன்னா அதும் பொய்தான். ஊட்டுல ஒருத்தரு சொன்னது பத்தாதுங்களா?"

திங்கட்கிழமை வண்டி வரும், எப்படியாவது முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஹர்ஷிணி கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், மெஸ்ஸில் கடைசிப் பந்தி எழுந்த பிறகு, அன்புமணி பின்கட்டுக்குப் போனார். பொற்கொடி தனியாகச் சோற்று அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காற்று சாம்பலைக் கிளப்பிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து அண்டாவின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். பம்பு கம்பெனி முதலாளியிடமோ டெல்லி மியூசியக்காரரிடமோ அவர் இப்படிப் போய் நின்றதில்லை.

"தப்புத்தான் அம்மணி. அந்தப் புள்ள கேட்டப்ப எனக்கு உன்னோட பேருதான் வாயில வந்துச்சு. எம்பொண்டாட்டி வந்து சொல்லுவான்னு சொன்னா அது சிரிச்சுப்போடுமோன்னு நெனச்சேன். இவனெல்லாம் ஒரு ஓவியனான்னு."

பொற்கொடி தேய்ப்பதை நிறுத்தினாள். இத்தனை வாரங்களில் முதல் தடவையாக நேராகப் பேசினாள்.

"சிரிச்சா என்னுங்க? சிரிச்சுட்டுப் போவுது. நானு எதுக்கால டம்ளரோட நின்னனே. என்ற மூஞ்சியப் பாத்துட்டேதான சொன்னீங்க?"

அவளே தொடர்ந்தாள்.

"இன்னொன்னும் சொல்லிப்போடறேன், கேட்டுக்குங்க. நானு உங்க படத்தை எங்கீங்க பாத்தேன்? எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. உங்களத்தான் பாப்பேன். ஏர்ப்பூட்டு அவுத்துவுட்டா மாடு ஒருக்கா ஒடம்பச் சிலிர்த்துக்குமல்லங்க, அப்படி நீங்க ஒரு சிலிர்ப்பு சிலிர்ப்பீங்க. தோளு எறங்கும். அப்பத்தான் போதும்னு சொல்லுவேன். சிலிர்க்கலீன்னா இன்னும் கெடக்குதும்பேன். அவ்வளவுதான். சோறு ஆறிப்போவுதேன்னு சொன்னதுங்கூட உண்டு. எதெதுன்னு கேக்காதீங்க."

அவருக்குத் தலை சுற்றியது. டெல்லி மியூசியத்தில் இருப்பது சிலிர்ப்பா, சோறா? கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டார்.

"அப்ப இன்னைக்கும் என்னையப் பாத்துச் சொல்லு."

"இப்ப முடியாதுங்க. உங்களப் பாத்தாக் கோவந்தான் வருது. கோவத்துல எது தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவள் அண்டாவை நிமிர்த்தினாள்.

ஆளைப் பார்த்துத்தான் சொல்கிறாள் என்றால், அந்த ஆளை நாமே பார்த்துக்கொள்வோமே என்று அன்புமணிக்கு ஒரு யோசனை உதித்தது. புத்தி கெட்டவன் செய்கிற காரியம் என்று சொல்லலாம். ஆனால் அவர் நிலையில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போமோ தெரியாது. சனிக்கிழமை காலையில் கிருபாவின் அறையிலிருந்து ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகைச் சுவரில் சாய்த்தார். காற்றில் விழாமல் இருக்க இரண்டு பெயிண்ட் டின்களை முட்டுக்கொடுத்தார். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நின்றார். தகட்டால் கொஞ்சம் சுரண்டுவார், சட்டென்று திரும்பித் தன் தோளைப் பார்ப்பார். தோள் சும்மாதான் இருக்கும். இன்னும் கொஞ்சம் சுரண்டுவார், பார்ப்பார். ஒரு தரம் வேண்டுமென்றே சிலிர்த்தும் பார்த்தார். கண்ணாடிக்குள் ஒரு கிழட்டு நாடகக்காரன் தெரிந்தான்.

மெஸ்ஸுக்குக் காய்கறி இறக்க வந்த ஆட்டோக்கார ரசாக் இதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டான். சமையலறைக்குப் போய்க் குரலைத் தாழ்த்தி, அண்ணனுக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதா அக்கா, கோவைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் இந்த ஆட்டோவிலேயே போய்விடலாம் என்றான். பொற்கொடி தக்காளியை எண்ணி வாங்கிக்கொண்டு, அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றாள். அவன் போன பிறகு கொட்டகைப் பக்கம் இரண்டடி வைத்தாள். பிறகு அடுப்பில் பருப்பு பொங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பிவிட்டாள்.

உள்ளே அன்புமணி சோர்ந்துபோய்க் கண்ணாடி முன் நின்றிருந்தார். தோளைப் பார்த்துப் பார்த்து அலுத்து, பார்வை தானாகத் தோளுக்குப் பின்னால் போயிற்று. அங்கே படம் இருந்தது. இத்தனை நாள் ஒரு கை தூரத்தில் வைத்தே பார்த்துக்கொண்டிருந்த படம், கண்ணாடிக்குள் தள்ளி, முழுசாக நின்றது.

செத்துப்போயிருந்தது. அவருக்கு அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லா நிறங்களும் ஒன்றோடு ஒன்று அரைபட்டுக் கழுவின தண்ணீராகக் கிடந்தன. இடது கீழ்மூலையில் நீலத்துக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் எழுந்து வந்திருந்தது அவருக்கு நினைவு வந்தது. அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் நின்றது. எப்போதோ அதை அவரே தகட்டால் எடுத்துவிட்டிருக்கிறார். எடுத்தது தெரியாமலேயே எடுத்திருக்கிறார். மேலே பூசித் திரும்பக் கொண்டுவர முடியாதா என்று ஒரு நிமிஷம் கை தகட்டைத் தேடியது. முடியாது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டு, ஓட்டைப் பொறுக்கி வைத்து என்ன ஆகப்போகிறது? அவர் டின் மேல் உட்கார்ந்து அழுதார். அப்பா செத்தபோது அழுததற்குப் பிறகு இப்போதுதான்.

மத்தியானம் ஹர்ஷிணிக்குப் போன் போட்டார். பெரிய படம் வராது என்றார். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு கெஞ்சினாள். பிறகு அவள் குரலில் ராமாமணியம்மாவின் கண்டிப்பு வந்தது.

"அங்கிள், அந்தச் சுவர் எம்ப்டியா இருக்க முடியாதுங்க. நீங்க தரலீன்னா சென்டர் ஹாலைக் கொச்சிக்காரங்க பரோடா ஆர்ட்டிஸ்ட்டுக்குக் குடுத்துருவாங்க. உங்க வொர்க் எல்லாம் சைடு ரூமுக்குப் போயிரும். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் அம்மணி. குடுத்துரச் சொல்லுங்க."

"நல்லாத்தான இருந்துச்சு? எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே."

"எனக்குத் தெரியுதுங்க" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான், அந்த வார்த்தையைத் தான் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. சந்தோஷப்பட முடியவில்லை. தெரிகிற நேரத்தில் தெரியாமல், எல்லாம் முடிந்த பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்?

பொழுது சாய்கிற நேரம். கிருபா சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. பொற்கொடி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய்யைக் காய்ச்சி வைத்துவிட்டுக் அவரைக் கூப்பிட்டுவர ஆளில்லாமல் நின்றாள். அவரே வந்து உட்கார்ந்தார். அவள் சோற்றைப் போட்டு, நெய்யை ஊற்றி, அப்பளம் வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மகளுக்கும் வடிசட்டிக்கும் காத்திருக்காமல் அவரிடமே கேட்டாள்.

"ஆச்சுங்களா?"

"படம் போச்சு அம்மணி. ஹர்ஷிணிகிட்டச் சொல்லிட்டேன். சைடு ரூமு குடுப்பாங்களாம்."

அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அது எப்பவோ முடிஞ்சிருக்குது" என்றார். "கீழ மூலையில ஒரு மஞ்ச வந்துச்சு. அங்கயே கைய எடுத்திருக்கோணும். நான்தான் தாண்டிப் போயிட்டேன்."

"தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

பொற்கொடி கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"பதினெட்டாம் பெருக்குக்கு மெஸ்ஸைச் சாத்திப்போட்டு நானும் கிருபாவும் பவானி போயிட்டு வந்தமல்லங்க. கூடுதுறைத் தண்ணியில எறங்கி நின்னப்பவே எனக்குக் கோவம் பாதி எறங்கிப்போச்சு. சொல்லிப்போடலாம்னுதான் வந்தேன். பையக்கூட ஊட்டுல வெக்கல, நேராக் கொட்டாய்க்குத்தான் வந்தேன். நீங்க டின்னு மேல உக்காந்திருந்தீங்க. எனக்கு முதுகு காட்டிட்டு. ஒரு சிலிர்ப்பு சிலிர்த்தீங்க. தோளு எறங்குச்சு."

அன்புமணி பிசைந்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து உங்ககிட்ட மறைச்சுப்போட்டேன், அன்னைக்குத்தானுங்க நானு படத்தையும் பாத்தேன். கலியாணமாயி இத்தன வருசத்துல, அன்னைக்குத்தான் பாத்தேன். அப்பிடியென்ன உள்ள இருக்கறவிய சொல்லுவாங்கன்னு பாத்தேன். அந்த மஞ்ச இருந்துச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு."

"ஏன் சொல்லல?"

"வாய் வரைக்கும் வந்துச்சுங்க. உள்ள இருந்து சொல்லும்னீங்களே, சொல்லுதான்னு பாப்பமேன்னு நின்னேன்."

அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"நெம்ப நேரம் நின்னேன். ஒண்ணும் சொல்லல. நீங்க எந்திரிச்சுத் தகட்டை எடுத்தீங்க. அந்த மஞ்ச மேல வெச்சீங்க. அப்பவும் ஒரு சத்தம் போட்டிருந்தா நின்னிருப்பீங்க. நானு வந்துட்டேன். வந்து உங்களுக்குத் தண்ணி வெளாவுனேன். நான்தானுங்க அதைக் கொன்னுபோட்டேன்."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதாள். அன்புமணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரும் என்று அவரே ஒரு கணம் காத்திருந்தார். உள்ளே எங்கே தேடியும் அது இல்லை. வெட்கம் இருந்தது. பெரிய இழப்பு இருந்தது. கூடவே, அந்தப் படம் உயிரோடு இருந்தபோது அதை நின்று பார்த்த ஆள் உலகத்தில் ஒருத்திதான், அவள் இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் இருந்தது. அவர்கூட அதைப் பார்க்கவில்லை. செய்தார், அவ்வளவுதான்.

இடது கையால் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எப்பிடி இருந்துச்சு அது? சொல்லு."

"எனக்கு அதெல்லாஞ் சொல்லத் தெரியாதுங்க."

"தெரிஞ்ச மாதிரிச் சொல்லு அம்மணி. எனக்குப் பாக்கோணும்."

பொற்கொடி கண்ணைத் துடைத்தாள். பிறகு கையைத் தரையில் வைத்து, நீலம் எதுவரைக்கும் வந்திருந்தது என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினாள்.